சேம்பு ஆகாத மருமகள்

மழை பிழையாது பெய்க. மலை குளிர்க, கடல் பொறுக்க. இரு நாட்டு அடுக்களைகளிலும் அடுப்பு அணையாதிருக்க.

முகில் உறங்கும் பனிச்சுனை மலைநாட்டின் காவலர், யானை நிரையுடையார், எம் கோமான் நெடும்பொறையாரின் பட்டத்தரசி உமையாள்நங்கை மாதேவி, அலை ஓயாத புன்னைத்துறை நாட்டைத் தம் ஒரு குடைக்கீழ் ஆண்டருளும் பேரரசியார், முத்துக் குளிப்போருக்குத் தாய், கரை தேடும் கலங்களுக்கு விளக்கு, எம் மருமகள் வலம்புரி நங்கையைப் பெற்றெடுத்த பெருமாட்டி, சம்பந்தியார் ஆழிநங்கை மாதேவியார் திருமுன்பு வணங்கி விடுக்கும் ஓலை.

தங்கள் நாட்டில் கடல் அமைதி கொண்டிருக்கிறது என்றும், இவ்வாண்டு முத்து நன்கு விளைந்தது என்றும் கேட்டு மகிழ்ந்தோம். எம் நாட்டில் தினை கதிர் பிடித்திருக்கிறது, சுனைகள் நிறைந்திருக்கின்றன, யானைகள் தேவைக்கு மேல் கொழுத்திருக்கின்றன. வலம்புரி நலம். மற்ற எதையும் படிக்கும் முன் தாங்கள் அறிய விரும்புவது இது ஒன்றே என்பதால் இதை முதலில் எழுதச் சொன்னோம். இனி அமர்ந்து, ஒரு மிடறு நீர் அருந்திவிட்டு, மீதியைப் படித்தருள்க.

தாங்கள் விடுத்த ஓலையும், அதனுடன் முத்துச் சிவிகையும், அதைச் சுமந்த ஆடவரும் எம் கோட்டை வாயிலை அடைந்தனர். தங்கள் மகள் எம் வீட்டில் மண்சட்டியில் உண்கிறாள் என்றும், உதடு வீங்கி முகம் மாறிக் கிடக்கிறாள் என்றும் உப்பு வணிகர் வாயிலாக அறிந்ததாகவும், பொற்கலத்தில் உண்டு வளர்ந்தவளை மண்சட்டிக்கு அனுப்பவில்லை என்றும், அவளை இச்சிவிகையில் ஏற்றி அனுப்பாவிடில் இரு நாட்டு உறவும் அற்றுப்போகும் என்றும் எழுதியிருந்தீர்கள். படித்து எம் கோமான் வருந்தினார். யாம் வருந்தவில்லை. பெற்றவள் எழுதும் ஓலை வேறு எப்படி இருக்கும்? எமக்கு ஒரு பெண் பிறந்து, அவளைப் பற்றி இப்படி ஒரு செய்தி வந்திருந்தால், சிவிகைக்குப் பின்னால் யானைப் படையையும் அனுப்பியிருப்போம்.

உப்பு வணிகர் பொய் சொல்லவில்லை. மண்சட்டியில் உண்டது மெய், உதடு வீங்கியதும் மெய். அதே மண்சட்டிச் சோற்றை அதே பந்தியில் எம் கோமானும், யாமும், எம் மகன் குன்றவேளும் உண்டோம் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்கள். அது ஏன் நேர்ந்தது என்பதைக் கேட்டருள்க.

மணம் முடிந்து வலம்புரி எம் இல்லம் புகுந்த நாளில், தாங்கள் அவளிடம் கொடுத்தனுப்பிய ஓலையை எம் ஓலைநாயகம் பூதனார் அவையில் உரக்க வாசித்தார். அப்போது வலம்புரி உள்ளே மகளிர் நடுவில் மஞ்சள் நீராடிக்கொண்டிருந்தாள். 'என் மகளுக்குச் செம்பு ஆகாது. தொட்டால் அரிக்கும், உண்டால் தொண்டை அடைக்கும். உங்கள் அடுக்களையில் அதை அவள் அருகே கொண்டு செல்லாதிருங்கள்' என்று பூதனார் வாசித்தார். செம்பை யார் உண்பார்கள் என்று எம் கோமான் வினவியதற்கு, செம்புக் கலத்தில் சமைத்ததை உண்டால் என்று பொருள் கொள்ள வேண்டும் எனப் பூதனார் விளக்கமும் அருளினார். அவை தலையசைத்தது.

தாங்கள் எழுதியது சேம்பு. எம்மவர் படித்தது செம்பு. ஓலையில் குறிலுக்கும் நெடிலுக்கும் கொம்பு ஒன்றுதான். வேறுபடுத்தப் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுத்தாணி பிடிப்போர் எந்த நாட்டிலும் குத்துவதில்லை. ஆகவே பிழை தங்கள் கையிலும் இல்லை, பூதனார் கண்ணிலும் இல்லை. இவ்வோலையை எழுதுபவரும் அவரே. இந்த இடத்தில் எழுத்தாணி சற்றுத் தயங்குகிறது, தொடருமாறு பணித்துள்ளோம்.

அன்றே அடுக்களையிலிருந்த செப்புப் பானைகளும் குடங்களும் வெளியேறின. குயவர் தெருவிலிருந்து மண்சட்டிகள் வந்து இறங்கின. ஒரு வீட்டில் மருமகளுக்கு ஒரு கலம், மற்றவருக்கு ஒரு கலம் என்பது எம் குடிவழக்கில் இல்லை. ஆகவே அனைவரும் மண்சட்டிக்கு மாறினோம்.

இனி எழுதப்போவதைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும். எம் மலையில் நெல் அரிது. சேம்புதான் எமக்குச் சோறு. ஆனால் அந்தப் பெயர் ஏட்டில் மட்டுமே வழங்கும். இலை யானைச் செவி போல் இருப்பதால் வீட்டில் அதைச் செவிக்கிழங்கு என்போம். உலர்த்தி இடித்து மாவாக்கிக் குழம்பில் கரைப்போம், அடையில் பிசைவோம், வெல்லம் சேர்த்துக் களி கிண்டுவோம். அந்தக் களியைத்தான் புதுமணப் பெண்ணுக்கு எம் கையால் முதல் வாய் ஊட்டினோம்.

அன்று மாலையே அவள் உதடு தடித்தது. எங்கோ ஒரு செம்பு ஒளிந்திருக்கிறது என்று முடிவு செய்தோம். எம் கோமான் நீராடும் அண்டா போயிற்று. வாயில் மணி போயிற்று. மறுநாளும் வீக்கம் வடியவில்லை. முன்னோர் அளித்த கொடைகளைப் பொறித்த செப்பேடுகளை எல்லாம் மூட்டை கட்டிக் கோயிலுக்கு அனுப்பினோம். மடைப்பள்ளித் தலைவர் நம்பியாரின் காதில் கிடந்த செப்புக் கடுக்கனையும் கழற்றச் சொன்னோம்; அவர் அழுதார். இதற்கிடையே, நோயுற்ற பெண்ணுக்குக் கடினமான உணவு ஆகாதென்று, வழவழவென்ற செவிக்கிழங்குக் கூழை வேளை தவறாமல் ஊட்டிவந்தோம். ஒருநாள் அவளுக்கு மூச்சுத் திணறியது. மருத்துவர் வந்து கசாயம் கொடுத்து, சில நாட்களுக்குச் சுக்குநீரும் மோரும் தவிர வேறு எதுவும் தரலாகாது என்றார். அந்தச் சில நாட்களில் அவள் எழுந்து உட்கார்ந்தாள். உப்பு வணிகர் அவளைக் கண்டது அதற்குச் சற்று முன்னர்.

உடல் தேறியதும் முதன்முறையாக அடுக்களைக்குள் வந்தாள். அங்கே அப்போதுதான் தோண்டியெடுத்த கிழங்குகள் தண்டும் இலையுமாகக் கூடையில் கிடந்தன. அவற்றைக் கண்டதும் வாயில் கைவைத்தாள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதச் சொல்கிறோம்.

"அத்தை, இது சேம்புல்லா! இதத்தானே எங்கம்மை ஓலையில எழுதி விட்டிருந்தாவ!"

யாம் அங்கிருந்த உரலின் மேல் உட்கார்ந்துவிட்டோம். உன் ஊரில் சேம்பு பட்டாலும் உனக்கு இப்படித்தானே வீங்கும், ஏன் பெண்ணே வாய் திறக்கவில்லை என்று கேட்டோம்.

"நீங்கதான் ஓலையப் படிச்சிட்டியளே அத்தை, பெறவு நான் எப்படிச் சந்தேகப்பட? மலைக் குளிரு ஒத்துக்கலைன்னு நெனச்சேன்" என்றாள்.

செம்பையெல்லாம் வெளியேற்றியபோதாவது ஏன் என்று கேட்கக் கூடாதா என்றோம். புது மருமகள் வந்தால் வீட்டிலிருக்கும் செம்பை எல்லாம் வெளியே போட வேண்டும் என்று மலைநாட்டில் ஒரு முறை இருக்கும் போல என்று எண்ணிக்கொண்டாளாம். அதைச் சொல்லி அவள் சிரிக்கத் தொடங்கினாள். யாம் அழத் தொடங்கி, பிறகு சிரித்தோம். நம்பியார் கடுக்கனைத் தேடி ஓடினார். செய்தி கேட்ட எம் கோமான், இனி உணவைப் பற்றிய எந்தச் செய்தியும் ஓலையில் வருதல் கூடாது, ஆள் வந்து வாயால் சொல்ல வேண்டும் என்று அப்போதே ஆணை பிறப்பித்தார். பூதனாரை அழைத்து வினவினோம். செம்பும் ஆகாமல் இருக்கலாம் அல்லவா என்பது அவர் வாதம்.

இத்துடன் தொல்லை தீர்ந்தது என்றுதான் எண்ணினோம். உண்மையான தொல்லை அதன் பின்னரே தொடங்கியது.

எம் நாட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு பானை. உடன்பிறந்தார் பாகம் பிரித்துக்கொண்டால், 'தனிப்பானை வைத்துவிட்டார்கள்' என்றுதான் ஊர் சொல்லும். அந்தச் சொல்லை எம் மக்கள் குரல் தாழ்த்தியே சொல்வார்கள். வலம்புரிக்கு எனத் தனியே சமைத்தால், அவளை வீட்டிலிருந்து பிரித்தோம் என்றாகும். ஆகவே செவிக்கிழங்கு அரண்மனை அடுக்களைக்குள் வரலாகாது என்று விலக்கினோம். சாமைச் சோறும் மோரும் கீரையுமாக அனைவரும் உண்டோம். குழம்பு நீர்த்துக் கிடந்தது, அடை உதிர்ந்தது. எம் கோமான் முகம் சுளிக்கவில்லை. ஆனால் திடீரென்று அவருக்கு யானைகள் மேல் பேரன்பு பிறந்தது. நாள்தோறும் நண்பகலில் யானைக்கொட்டிலுக்குச் சென்று நெடுநேரம் கழித்துத் திரும்பினார். திரும்பியபின் பந்தியில் அமர்ந்து, பசியில்லை என்றார்.

வெயிலில் நிற்கிறாரே என்று வலம்புரி ஒருநாள் மோர்க் கலயத்தை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குச் சென்றாள். அங்கே மலைநாட்டுக் காவலராகிய எம் கோமான் பாகர்களின் நடுவே சம்மணமிட்டு, இலை நிறையச் செவிக்கிழங்குப் புளிக்கறியை வைத்து உண்டுகொண்டிருந்தார்.

"அம்மிணி, உங்கத்தைகிட்டச் சொல்லிப்போடாத. யானைக்கு வெந்துச்சான்னு ருசி பார்த்தேன், அவ்வளவுதான்" என்றாராம்.

"யானைக்குப் புளியும் மிளகுமா மாமா?" என்று இவள் கேட்டாளாம். பாகர்கள் யானைகளின் பின்னால் போய் நின்று சிரித்திருக்கிறார்கள்.

அங்கே சிரித்தவள் வீட்டுக்கு வந்து எம் மடியில் முகம் புதைத்து அழுதாள். "என் ஒருத்தி வாய்க்காக மாமா கொட்டில்ல ஒளிஞ்சு திங்காவ. நீங்க எல்லாரும் சப்புன்னு திங்கிய. எனக்கு எறங்க மாட்டேங்கு அத்தை. எனக்குத் தனிப்பானை வச்சிருங்க. இல்லைன்னா என்னை எங்கம்மைகிட்ட அனுப்பிருங்க" என்றாள்.

"தனிப்பானையும் வேண்டாங் கண்ணு, நீ போறதும் வேண்டாம்" என்றோம்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க அத்தை" என்றாள்.

அந்நேரம் வாயிலில் ஊது கொம்பு ஒலித்தது. தங்கள் சிவிகை வந்து இறங்கியது.

அரசியாரே, எம் மனநிலையைத் தங்களிடம் மறைக்கப் போவதில்லை. எமக்கு மகள் இல்லை. வந்த சில திங்களில் அவள் எமக்கு அடுக்களையில் துணையாகவும், கோமானின் பொய்களைக் கண்டுபிடிப்பதில் ஒற்றராகவும் ஆகிவிட்டாள். அவள் புடைவைகளை மடித்து வைப்பதைக் கண்டபோது, நாட்டின் ஒரு மூலையை எவரோ வெட்டிக்கொண்டு போவது போலிருந்தது. எம் மகன் குன்றவேள் எம்மிடம் வந்து, "அவ போனா நானும் போறனுங்கம்மா. கடல்ல மீன் புடிக்கக் கத்துக்குவேன்" என்றான். சுனையில் முழங்காலளவு நீருக்கு மேல் இறங்காதவன் அவன்.

சிவிகை சுமந்து மலையேறியவர்களின் கால்கள் கொப்புளித்திருந்தன. அவை ஆறும்வரை அவர்கள் தங்கட்டும் என்றோம். அதுவரை உன் பானையை நீயே வைத்துக்கொள் என்று வலம்புரியிடம் சொன்னோம். பானை பிரிந்தாலும் பரவாயில்லை, அவள் பசியோடு மலையிறங்கலாகாது என்பதே அப்போதைய எம் எண்ணம். இரண்டாம் அடுப்பை எம் கையாலேயே மூட்டினோம். அரண்மனை மகளிர் முகத்தைத் திருப்பிக்கொண்டனர்.

முதல் அடுப்பில் நம்பியார் பலநாள் பசியெல்லாம் தீர்க்கும்படி செவிக்கிழங்குக் குழம்பு வைத்தார். இரண்டாம் அடுப்பின் முன் வலம்புரி உட்கார்ந்தாள். தங்கள் நாட்டிலிருந்து வந்த கருவாடும் தேங்காயும் புளியும் இருந்தன. குழம்பைக் கெட்டியாக்க ஒன்றும் இல்லை. முதல்நாள் வாழைக்காயை உலர்த்தி இடித்த மாவைக் கரைத்தாள். குழம்பு பசையாயிற்று. குன்றவேள் ஒருவன்தான் துணிந்து அவளோடு உட்கார்ந்து அதை முழுவதும் உண்டான். அன்று மாலைவரை அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. பிரிவை எண்ணி வாடுகிறான் என்று உருகினோம். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் பலாக்கொட்டையை வேகவைத்தாள். குன்றவேள் தோலுரித்துக் கொடுத்தான். அவன் விரல் நகமெல்லாம் கறுத்துப்போயிற்று. அதை விழுதாக அரைத்து, தேங்காய்ப்பாலும் புளியும் மிளகும் சேர்த்து, கருவாட்டைச் சுட்டுப் போட்டுக் கொதிக்கவிட்டாள். அந்த மணம் முற்றம் கடந்து வாயில்வரை சென்றது. சிவிகை சுமப்போர் கொப்புளக் காலோடு எழுந்து வந்து அடுக்களை வாயிலில் நின்றார்கள்.

பந்தியில் எம் கோமானின் இலையில் செவிக்கிழங்குக் குழம்பு நிறைந்திருந்தது. அவர் கண்கள் எதிர்ப்பந்தியில் இருந்தன.

"அம்மிணி, அந்தக் கொழம்புல ஒரு அகப்பை ஊத்து. சும்மா ருசி பார்க்கத்தான்."

"யாருக்கு மாமா, யானைக்கா?"

பந்தி முழுவதும் சிரித்தது. அவர் வெட்கமின்றி இலையை நீட்டினார். ஆனால் வலம்புரி அகப்பையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கிழங்கு தொட்ட கையும், கிழங்கு விழுந்த இலையும் அவள் பானையின் அருகே வரலாகாதாம். கை கழுவி, வாய் கொப்பளித்து, புது இலையோடு வந்தால் தருவாளாம். சம்பந்தியாரே, பகை மன்னர் எவருக்கும் பணியாத எம் கோமான் எழுந்து சென்று கை கழுவி, வாய் கொப்பளித்து, புது இலை ஏந்தி, சிவிகை சுமப்போருக்குப் பின்னால் முறைக்குக் காத்து நின்றார். யாம் அவருக்குப் பின்னால் நின்றோம்.

அன்றுமுதல் அதுவே வழக்கமாயிற்று. முகம் திருப்பிய மகளிர் எந்தப் பலாவின் கொட்டை என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். செவிக்கிழங்குப் பானை பாதியோடு திரும்பி வருகிறது. நம்பியார் முதலில் சினந்தார். பிறகு ஒருநாள் அடுப்பங்கரையில் வலம்புரியின் பானையை வழித்துக்கொண்டிருக்கையில் எம்மிடம் அகப்பட்டார். உப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாராம். இந்த வீட்டில் இப்போது எது வீட்டுப் பானை, எது தனிப்பானை என்று எம்மால் சொல்ல இயலவில்லை. ஊரார் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

சுமப்போரின் கால்கள் நேற்று ஆறின. ஆகவே இன்று காலை, அவர்கள் சாட்சியாக நிற்க, வலம்புரியை அவைக்கு அழைத்தோம். போக விரும்பினால் இந்தச் சிவிகையிலேயே போகலாம், எவரும் தடுக்கமாட்டோம், இருக்க விரும்பினால் எமக்காக இருக்க வேண்டாம், உனக்காக இரு என்றோம். தங்களுக்குச் சொல்லச் சொல்லி அவள் கூறியது இது. ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதப்பட்டுள்ளது:

"எம்மா, நான் வைக்கிற கொழம்பு எனக்கே மிஞ்ச மாட்டேங்கு. எல்லாரும் வழிச்சுத் தின்னுருதாவ. இவங்கள விட்டுட்டு நான் எப்படிம்மா வர?"

ஆதலால் தங்கள் மகளைச் சிவிகையில் ஏற்றவில்லை. சிவிகை வெறுமையாகவே வருகிறது. அதில் ஏறி வர வேண்டியவர் தாங்கள். புன்னைத்துறை அரசியாருக்கு ஆணையிட எமக்கு அதிகாரம் இல்லை என்பதை அறிவோம். ஆனால் வலம்புரியின் மாமியார் வலம்புரியின் அம்மைக்கு இடும் ஆணையாக இதைக் கொள்க. பலா பழுக்கும் பருவம் முடியுமுன் வந்து, எம் வீட்டுப் பந்தியில் அமர்ந்து, தங்கள் மகள் வடிக்கும் சோற்றை அவள் கையால் உண்டு, மண்சட்டி இழிவா அன்றா என்பதை அதன்பின் தீர்ப்பளிக்க வேண்டியது. தீர்ப்பு எதுவாயினும் தலைமேல் கொள்வோம்.

இவ்வோலை காண்கின்ற எல்லைக் காவலரும் ஆற்றுத்துறையாரும் சிவிகைக்கு வழிவிடுக. சுமப்போருக்கு நிழலும் நீரும் தந்து, வரும் வழியில் அரசியாரின் பரிவாரத்துக்கு யாதொரு குறையும் நேராமல் காக்க. தவறினோர் எம் கோமானின் சினத்துக்கு ஆளாவர்.

கடலும் மலையும் உள்ளளவும் நம் குடிகள் கலந்து வாழ்க.

பனிச்சுனைக் கோட்டையில், எம் வாய்மொழி கேட்டு ஓலைநாயகம் பூதனார் எழுதியது. எழுதியதை யாம் இருமுறை வாசிக்கக் கேட்டு ஒப்பியது. இன்னும் எழுத மனம் உண்டு. ஆனால் அரக்கு உருகும் இவ்வேளையில் அடுக்களையில் இலை போடும் ஓசை கேட்கிறது, எம் கோமான் அதற்குள் கை கழுவப் போய்விட்டார். இன்னும் தாமதித்தால் எமக்கு மிஞ்சாது. ஆகவே இத்துடன் முத்திரை இட்டோம்.

இரட்டைச் சுனை முத்திரை.
உமையாள்நங்கை மாதேவி.